இடது பேட்டரி

"அண்ணாச்சி, பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டர்ல ஒரு குத்தமும் இல்ல. யாரோ உங்க வண்டியில இருந்து கரண்டு திருடுறாங்க."

மூணாறிலிருந்து வந்திருந்த எலக்ட்ரீஷியன் ஜோபி இப்படிச் சொன்னதும், அழகுமலைக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. கோபம் அதற்குப் பிறகு வந்தது.

பட்டாளத்தில் கழித்துவிட்ட லாரி அது. ஏலத்தில் எடுத்து வட்டவடைக்கு ஏற்றிக் கொண்டுவந்து ஒரு மாதம் ஆகிறது. பழைய ஜீப்பைத் தள்ளிவிட்டு, ஊர்க் கேரட்டையெல்லாம் ஒரே நடையில் இறக்கிவிடலாம் என்று ஆசை ஆசையாக வாங்கியது. முதல் வாரம் ராஜா மாதிரி ஓடியது. அப்புறம் காலையில் சாவியைத் திருப்பினால் ஒரு முக்கல், ஒரு முனகல், அவ்வளவுதான். ஊரே சேர்ந்து தள்ளிப் பார்த்தும் மூன்று நாள் சந்தை தவறிவிட்டது. "நாளைக்கும் கிளம்பலேன்னா லோடு பாண்டி பிக்கப்புக்குத்தான்" என்று விவசாயிகள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

பாண்டி பக்கத்துத் தோட்டக்காரன். தினம் ஒரு தரம் வந்து ஆறுதல் சொல்வான்.

"பட்டாள வண்டியில பல தினுசு இருக்குண்ணே. உனக்கு வாச்சது வயர்லெஸ் வச்ச வண்டி. அதோட ஆல்டர்னேட்டரே வேற. நம்மூர்ல எவனுக்கும் பிடிபடாது. பேசாம பழைய இரும்புக்குப் போட்டுரு."

அதை அழகுமலை சொன்னதும் ஜோபி சிரித்தான். "வயர்லெஸ் வண்டி ஆல்டர்னேட்டர்தான், சரி. ஆனா அது பெருசு அண்ணாச்சி. சார்ஜ் கூடுமே தவிரக் குறையாது. மீட்டர் இருபத்தெட்டு வோல்ட் காட்டுது பாருங்க. இதுல ரெண்டு பேட்டரி. வலது நிறைஞ்சு வழியுது, இடது காலி. எவனோ இடதுல மட்டும் கம்பி மாட்டி உறிஞ்சுறான்."

"பாண்டிதான்!"

சொன்னது அழகுமலை இல்லை. வீட்டுக்குள்ளிருந்து அரிவாளோடு வெளியே வந்த அவன் மனைவி ராமலட்சுமி.

"நம்ம லோடத் தட்டிப் பறிக்க அவன்தாங்க பண்றான். ஒரு காசு குடுங்க. அம்மன் முன்னால ரெண்டா வெட்டிப் போட்டுட்டு வாரேன். திருடுன கை மூணே நாள்ல முடங்கிரும்!"

வட்டவடையில் காசு வெட்டிப் போட்டால் போட்டதுதான். அம்மன் ஆள் பார்க்க மாட்டாள், ஜாமீனும் தர மாட்டாள். அழகுமலை சட்டைப் பையில் கைவிட்டு, தானே ஒரு காசை எடுத்துக் கொடுத்தான்.

"நல்லா முடங்கட்டும். இந்த மாசத்துல நமக்கு என்ன நல்லது நடந்திருக்கு? தோட்டத்துக்குப் பன்னி வராததைத் தவிர!"

ராமலட்சுமி விறுவிறுவென்று கோவில் மேட்டில் ஏறினாள்.

ஜோபி தன் ஜீப்பிலிருந்த பழைய பேட்டரி ஒன்றை இறக்கி வைத்தான். "இடது பேட்டரிய நான் கொண்டுபோய் சார்ஜ் ஏத்தி, விடியறதுக்குள்ள கொடுத்து விடறேன். அதுவரைக்கும் ஏதும் தேவைன்னா இதை வச்சுக்கோங்க."

"ஏம்ப்பா, இவ்வளவு நாசம் ஆகும்னு தெரிஞ்சேவா அவன் செஞ்சிருப்பான்?" என்றான் அழகுமலை.

"தெரிஞ்சிருக்காது. ஜீப்னா ஒரே பேட்டரி, பன்னெண்டு வோல்ட். எடுத்தாலும் வண்டி ஓடுறப்ப நிரம்பிடும். இது ரெண்டும் ஜோடி சேர்ந்து இருபத்திநாலு. ஒண்ணுல மட்டும் எடுத்தா ஆல்டர்னேட்டருக்குத் தெரியாது. நிறைஞ்சதுக்கே மேல மேல ஊத்தும், காஞ்சது காஞ்சே கிடக்கும். ஜீப் ஓட்டிப் பழகுன எவனோ செஞ்ச வேலை இது."

அழகுமலைக்கு முகம் வெளுத்துவிட்டது. அடுத்த நொடி செருப்பை உதறிவிட்டு மேட்டை நோக்கி ஓட ஆரம்பித்தான்.

கோவிலில் காசு கல்மேல் இருந்தது. அரிவாள் மேலே போயிருந்தது.

"வெட்டாத! ஏ புள்ள, வெட்டாத!"

ராமலட்சுமி திகைத்துத் திரும்பினாள். அழகுமலை மூச்சு இரைக்க வந்து காசை அள்ளிக்கொண்டான்.

"ஏங்க, என்ன ஆச்சு?"

"வேணாம். பாவம், அவனும் பிள்ளகுட்டிக்காரன். ஏதோ தெரியாம செஞ்சுட்டான். இனிமே செய்ய மாட்டான். மன்னிச்சு விட்டுருவோம்."

"இனிமே செய்ய மாட்டான்னு எப்படிச் சொல்றீங்க?"

"சொல்றேன்ல! அம்மா மேல ஆணை, செய்ய மாட்டான்."

பூசாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தக் காலத்துல இப்படி ஒரு மனசா!" என்று சொல்லி நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டார். இறங்கி வரும்போது ராமலட்சுமி புருஷனை அடிக்கொரு தரம் பெருமையாகப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிப் பார்த்ததே இல்லை. வேலி ஓரத்தில் நின்ற பாண்டியிடம், "சாப்ட்டியா தம்பி?" என்றுகூடக் கேட்டுவிட்டாள். பாவம், பாண்டிக்கு ஒன்றும் புரியவில்லை.

அழகுமலை வழியெல்லாம் வலது கையின் விரல்களை மடக்கி மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான். ஐந்தும் ஒழுங்காக மடங்கின. அப்பாடா என்றிருந்தது.

பொழுது சாயும் நேரம். பழைய ஜீப்பில் செய்த அதே பழக்கத்தில் கால் தானாக லாரிப் பக்கம் போனது. பன்றி வேலிக்குக் கரண்டு கொடுக்கும் பெட்டியின் கம்பிகளோடு லாரியின் இடது பக்கம் வரை போய்விட்ட அழகுமலை, நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்து, முடங்காமல் தப்பிய அந்தக் கையால் அவற்றை ஜோபி வைத்துப் போன பழைய பேட்டரியில் மாட்டினான்.