கதிரையை விடமாட்டன்

“செத்தாலும் இந்தக் கதிரையை விடமாட்டன்!”

குணரத்தினம் மேசையில் ஓங்கிக் குத்தினார். லாசால் நகரில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபம். தமிழ்ச் சங்கத் தலைவரான அவரைப் பதவியிறக்க அன்று வாக்கெடுப்பு. ஆண்டு விழாவுக்குக்கூட எட்டிப் பார்க்காத சனமெல்லாம் பனிச்சப்பாத்தோடு வந்து நிறைந்திருந்தது.

குற்றம் பெரிதாக ஒன்றுமில்லை. பொங்கல் விழாவில் எதிரணித் தலைவர் யோகராசாவை அவர் விளக்கேற்ற அழைக்கவில்லை. அந்த அணி பிறந்த கதையும் இப்படித்தான். முந்தைய தலைவர் தன் மகனின் கலியாணத்துக்கு யோகராசா வீட்டுக்கு அழைப்புக் காட் கொடுக்க மறந்துவிட்டார். அன்றைக்கே சங்கம் இரண்டாகிவிட்டது.

“அண்ணை, மரியாதையா ராஜினாமாச் செய்யுங்கோ. பொன்னாடை போத்தி அனுப்புறம்,” என்றார் யோகராசா.

“உன்ரை பொன்னாடையை நீயே போத்திக்கொண்டு படு. ஏலுமெண்டா என்னைக் கலைச்சுப் பார்!”

மண்டபம் கொதித்தது. அதுவரை யோசித்துக்கொண்டிருந்தவர்களும் யோகராசா பக்கம் சாய்ந்தார்கள்.

யோகராசா சனத்தைப் பார்த்துத் திரும்பினார். “ஆவணியிலை இவரின்ரை மகளுக்குக் கலியாணம். கலியாணக் காட்டிலை ‘சங்கத் தலைவர்’ எண்டு அடிக்கவேணும். அதுக்குத்தான் கதிரையைப் பிடிச்சுத் தொங்கிறார்!”

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த குணரத்தினத்தின் மனைவி புஷ்பராணி கைலேஞ்சியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“பாவம், மனுசி அழுகுது,” என்றாள் பின்னால் இருந்த கிளியக்கா. சொல்லிக்கொண்டே குணரத்தினத்துக்கு எதிராக வாக்குச்சீட்டில் புள்ளடி போட்டாள்.

தலைவரை இறக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். செயலாளர் அக்னெஸ் சீட்டுகளை எண்ணினாள். நம்பாமல் இன்னொரு தரம் எண்ணினாள்.

“மட்டுமட்டா வந்திருக்கு. ஒரு வோட்டுக் குறைஞ்சிருந்தாலும் அண்ணை தப்பியிருப்பார்.”

யோகராசாவைத் தோளில் தூக்கினார்கள். அவருடைய தலை சீலிங்கில் இடித்தது, அதற்கும் கைதட்டினார்கள். குணரத்தினம் கதிரையை உதைத்து விழுத்தினார்.

“இனி உங்களிலை ஒருத்தற்றை முகத்திலையும் முழிக்கமாட்டன்!” என்று கத்திக்கொண்டு வெளியேறினார். புஷ்பராணி முகத்தை மூடியபடியே பின்னால் ஓடினாள்.

டொலார்டில் இருக்கும் வீட்டுக்குப் போகக் கார் நெடுஞ்சாலையில் ஏறியது. பிறகு புஷ்பராணி கைலேஞ்சியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அது நனையவே இல்லை.

“நீர் எந்தப் பக்கம் போட்டனீர்?” என்று கேட்டார் குணரத்தினம்.

“உங்களுக்கு எதிராத்தான். பிள்ளை கலியாணத்துக்கு எடுத்த மண்டபம் சின்னனெல்லோ.”

“நானும் எதிராத்தான். கலைச்சுவிட்ட சனத்துக்கு ஆரப்பா கலியாணக் காட் குடுக்கிறது!”