தீ விபத்து அல்ல

காலப்பயணத் தொலைக்காட்சித் தொடருக்கு வரலாற்று எபிசோடுகள் எழுதுகிறவள் செண்பகவல்லி. பள்ளிகளில் இப்போது அந்தத் தொடர்தான் வரலாற்றுப் பாடம். பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றதை அவள் அப்படியே எழுதிக் கொடுத்தாள். பார்க்கிறவர்கள் மனம் நோகும் என்று தயாரிப்பாளர் அதைத் தீ விபத்தாக மாற்றிவிட்டார்.

தேர்வில் மகள் இதழினி, சுட்டார்கள் என்று எழுதி மதிப்பெண் இழந்தாள். செண்பகவல்லி பள்ளிக்கே போய்விட்டாள்.

"அங்க செத்தது எங்க பாட்டனுங்க! நெஞ்சுல குண்டு பாஞ்சு செத்தாருங்க!"

"எபிசோடுல தீ விபத்துதானுங்களே," என்றார் ஆசிரியர். "எழுதினது நீங்கன்னு பேரு வேற போட்டிருக்குதுங்க."

வெளியே வந்ததும் இதழினி சமாதானமாகச் சொன்னாள்: "விடும்மா. அடுத்த தடவை தீ விபத்துன்னே எழுதிடறேன்."

"எழுதினா கையை ஒடிச்சிருவேன்!" தெருவென்றும் பாராமல் கத்தினாள் செண்பகவல்லி. "முட்டை வாங்கு, ஃபெயிலாகு. சுட்டாங்கன்னுதான் எழுதோணும்!"