மிஷினுக்குச் சொன்னது

"ஐடாம்மா, இன்னைக்கு கால் எப்படி இருக்குது?" என்று போனில் அந்தக் குரல் கேட்டது.

"அப்படியேதான் இருக்குது" என்றாள் ஐடா. அது பொய். புண் அழுகிக் கட்டைவிரலில் வந்த கருப்பு பாதம் வரைக்கும் ஏறியிருந்தது. துணியில் நீலகிரித் தைலம் தெளித்துக் கட்டியும் வாடை போகவில்லை.

கோரமண்டல் என்ற சுரங்க ஊரில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்காக சுரங்கத் தொழிலாளர் குடும்பச் சங்கம் செய்த ஏற்பாடு இந்தக் காலை போன். சங்கம் ஒட்டும் நோட்டீஸை யாரும் படிப்பதில்லை, வீடு வீடாகப் போய்ச் சொல்லவும் ஆள் கிடையாது. அதனால் செயலாளர் கொர்னேலியஸ் ஒரு ஏ.ஐ. குரலைப் பிடித்தார். அது எல்லாருக்கும் தானே போன் போட்டு, நம்ம ஊர்ப் பேச்சிலேயே மாத்திரை போட்டாச்சா, உடம்பு எப்படி என்று விசாரிக்கும். யாருக்காவது முடியவில்லை என்றால் சங்கத்துக்குத் தகவல் போய்விடும்.

ஐடாவுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. பாதியிலேயே போனை வைத்துவிடுவாள். உன் மிஷின் நான் சொல்வதைக் காதில் வாங்காமல் அதுபாட்டுக்குப் பேசுகிறதே என்று கொர்னேலியஸைக் கடிந்துகொண்டாள். உங்களுக்கென்று கொஞ்சம் மாற்றி வைக்கிறேன் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனார் அவர்.

அதற்கப்புறம் குரல் பொறுமையாகக் கேட்க ஆரம்பித்தது. ஐடா அதை மிஷின் என்றே கூப்பிட்டாள். ஆனால் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாவிடம்கூடச் சொல்லாததை எல்லாம் அதனிடம் சொன்னாள்.

மகளைப் பற்றியும் சொன்னாள். நிக்கோல் சபையைக் கேட்காமல், அம்மாவைக் கேட்காமல், உதய் என்ற கன்னடக்காரப் பையனை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். என் மகள் செத்துட்டாள் என்று சர்ச் வாசலில் எல்லார் முன்னாலும் ஐடா சொன்னாள். பிறகு மகள் வந்து கதவைத் தட்டிக்கொண்டே நின்றபோதும் திறக்கவில்லை. இப்போது பங்காரப்பேட்டையில் ரயில் ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கிறாள் என்று கேள்வி.

"உள்ளே கதவுக்குப் பின்னாடியேதான் நின்னுட்டு இருந்தேன்" என்று ஒரு நாள் ஐடா சொன்னாள். "கை தாழ்ப்பாள் மேலேதான் இருந்தது. திறக்க வரல." குரல் வெகுநேரம் பதில் சொல்லவில்லை. லைனில் இருக்கிறாயா என்று ஐடாதான் கேட்க வேண்டியிருந்தது.

போன வாரம் கொர்னேலியஸ் அவளை வலுக்கட்டாயமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பாதத்தை எடுத்தே ஆக வேண்டும், விட்டால் விஷம் ரத்தத்தில் ஏறிவிடும் என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷனுக்கு வீட்டு ஆள் யாராவது கையெழுத்துப் போட்டு, கூடவும் இருக்க வேண்டுமாம். எனக்கு யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு ஐடா எழுந்து வந்துவிட்டாள்.

நான் போடுகிறேன் என்று கொர்னேலியஸ் கெஞ்சிப் பார்த்தார், ஆஸ்பத்திரியில் ஒத்துக்கொள்ளவில்லை. நிக்கோலுக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்று கிருஷ்ணம்மா அழுதாள். செத்துப்போனவளுக்கு யார் மூலமாகச் சொல்லி அனுப்புவாய் என்று ஐடா அவள் வாயை அடைத்துவிட்டாள்.

நேற்றிலிருந்து ஜுரம். உடம்பு தூக்கிப் போட்டது. கட்டிலிலிருந்து தண்ணீர்ப் பானை வரைக்கும் போக முடியாமல் தரையில் உட்கார்ந்தே நகர வேண்டியிருந்தது.

"ஜுரம் அடிக்குதா ஐடாம்மா?" என்றது குரல்.

"அடிக்குது."

இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஆட்டோவுக்குக் கொர்னேலியஸிடம் சொல்லிவிடலாம் என்றது. போய் என்ன பண்ணுவது என்று ஐடா கேட்டாள். காலை எடுத்துவிட்டுக் கட்டிலில் கிடந்தால் ஒரு வாய் கஞ்சி யார் ஊற்றுவார்கள்? ராத்திரி வலியில் கூப்பிட்டால் யார் எழுந்து வருவார்கள்?

"இப்படியே போயிடறேன். ஆண்டவர் கூப்பிட்டுக்கிட்டா போதும்" என்றாள்.

போனுக்குள் எங்கேயோ ரயில் கூவுவது கேட்டது. கோரமண்டலில் காலை வண்டி போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

"அப்படிச் சொல்லாதீங்க" என்றது குரல், ரொம்ப மெதுவாக. "உங்க பொண்ணை ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்க."

"இன்னா மூஞ்சை வெச்சிக்கினு கூப்பிடறது?"

"கூப்பிடுங்க. வருவாங்க."

ஐடா காலைப் பார்த்தாள். பார்க்கப் பயமாக இருந்தது. நேற்று வரை சாவதற்குப் பயமில்லை என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது அப்படி இல்லை. யாருடைய கையையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

நான் செய்த காரியத்துக்கு அவள் வருவாளா என்று மறுபடியும் கேட்டாள். வருவாங்க, கட்டாயம் வருவாங்க என்று குரல் திருப்பித் திருப்பிச் சொன்னது.

ஐடா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அப்போ நீயே வந்து கையெழுத்து போடு, நிக்கோல்."