கன்னத்துக் கரிப்பொட்டு

புசல்லாவைக் கோப்பித் தோட்டத்துப் பங்களாவில், காய்ச்சலில் செத்த குழந்தை லூசியின் படத்தைப் பார்த்து விருந்தாளிகள் கண்ணீர் விட்டார்கள்.

“பெரிய கதிரையில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு வாசலையே பார்க்கிறாள். சாவு வருவது தெரிந்திருக்கிறது!” என்றார் ஒருவர்.

அதைக் கேட்டதும் ஆயா மூக்காயி உள்ளே ஓடினாள். விளக்குக் கரியைத் தொட்டுவந்து, படத்திலிருந்த கன்னத்தில் பொட்டு வைத்தாள்.

துரைசாணி சீறினாள். “தினமும் துடைக்கிறேன், தினமும் வைக்கிறாயே! என் லூசிதான் போய்விட்டாளே, இனி எதற்குத் திருஷ்டிப் பொட்டு?”

மூக்காயி காலில் விழுந்தாள்.

“ஒங்க பாப்பா போனப்பறந்தானே படம் வரைய ஆள் வந்தாரு, தொரசாணி? பாப்பா கவுனை மாட்டி எம்மகளத்தானே உக்கார வெச்சீங்க! வெள்ளையாப் பூசுனாலும், வாசல்ல நின்ன என்னையத்தான் பாக்குறா. இவங்கல்லாம் அழ அழ, அவ கூலி லயத்துல காய்ச்சல்ல கெடக்கா. அழ வேணாம்னு சொல்லுங்க தாயி, எம்மக இன்னும் சாகல!”