நீர் ஏறிய உயரம்

ஊசி ஒரே தடவையில் இறங்கியது. வந்த நீர் தெளிவாக இருந்தது.

டாக்டர் சத்யப்பிரியா அளவுக் குழாயை ஊசியில் பொருத்திச் செங்குத்தாகப் பிடித்தாள். மூளையைச் சுற்றி நிற்கும் நீர், முதுகெலும்பு வழியாகக் குழாயில் ஏறத் தொடங்கியது.

முத்துப்பேச்சி சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பத்தொன்பது வயது. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் துணி ஓரம் தைப்பவள். கொஞ்ச நாளாகத் தலைவலி, கண் மங்குகிறது. டாக்டருக்கு இப்போது தெரிந்தது அவளுடைய முதுகு மட்டும்.

தலைமாட்டில் சாமியப்பன் நின்றார். கம்பெனி ஹாஸ்டலுக்குப் பொறுப்பாளர். அங்கே தங்கியிருக்கும் பெண்கள் ஆஸ்பத்திரிக்குக் கூடத் தனியாக வர முடியாது. இவர் கூட்டிவந்து, இவரே திரும்பக் கூட்டிப்போவார். இடுப்பில் சாவிக்கொத்து தொங்கியது.

"பயப்படாத கண்ணு. நாந்தான் இருக்கறனே" என்று அவள் தலையைத் தடவினார். பிறகு டாக்டரைப் பார்த்து, "ஏனுங்க மேடம், நாங்க பாய்லருக்குத்தானுங்க பிரஷர் பாப்போம். நீங்க புள்ளைக்கே பாக்கறீங்களே!"

சத்யப்பிரியா சிரித்துவிட்டாள்.

கம்பெனி ஆட்கள் என்றாலே அவளுக்கு அருவருப்பு. திங்கட்கிழமை ஷிப்டுக்கு வந்துவிடுவாளா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். இவர் அதைக் கேட்கவில்லை. எந்தக் கண், எந்தப் பக்கம் வலி என்று சத்யப்பிரியா எதைக் கேட்டாலும் அந்தப் பெண் வாயைத் திறக்கும் முன் இவரே சொன்னார். ராத்திரி தூங்குவதே இல்லைங்க என்றும் சொன்னார். நல்ல மனிதர் என்று நினைத்தாள்.

நீர் முப்பத்து நாலு சென்டிமீட்டரில் நின்றது.

இருபத்தைந்தைத் தாண்டினால் வியாதி. விட்டுவிட்டால் பார்வை போகும். வார்டில் சேர்த்தாக வேண்டும். தாண்டாவிட்டால் வெறும் தலைவலி. மாத்திரை கொடுத்து ஹாஸ்டலுக்கு அனுப்பிவிடலாம்.

நர்ஸ் விஜயராணி பெண்ணின் மடங்கிய கால்களை மெல்ல நீட்டிவிட்டாள். வயிறு அழுந்தியிருந்தால் அளவு பொய் சொல்லும்.

நீர் இறங்கவில்லை. அசையவும் இல்லை.

அதுதான் உறுத்தியது. மூச்சுக்கு மூச்சு அது லேசாக ஏறி இறங்க வேண்டும். இது அடித்துவைத்த ஆணிபோல் நின்றது.

"மூச்சை அடக்காதம்மா. விடு."

அவள் விடவில்லை.

சாமியப்பனின் போன் அடித்தது. பேசிக்கொண்டே வெளியே போனார். சாவிகளின் சத்தம் வராந்தாவில் தேய்ந்து மறைந்தது.

நீர் இறங்கியது. இருபத்தைந்து. இருபது. பதினாறுக்கு வந்து, அங்கே மெல்ல ஆடத் தொடங்கியது.

வியாதி இல்லை. அனுப்பிவிடலாம். சத்யப்பிரியா குழாயைக் கழற்றக் கை வைத்தாள்.

நீர் மறுபடி ஏறியது.

அதற்குப் பிறகுதான் சத்யப்பிரியாவின் காதில் சாவிகள் கேட்டன.

"எவ்வளவுங்க மேடம்?" சாமியப்பன் தலைமாட்டுக்கு வந்தார். கை பழையபடி அந்தத் தலைக்குப் போனது. விரல்கள் காதோரம் இறங்கிக் கழுத்தில் நின்றன.

சத்யப்பிரியா அந்த விரல்களைப் பார்த்தாள். பாய்லர் பேச்சுக்குச் சிரித்த சிரிப்பைத் துப்ப வேண்டும்போல் இருந்தது. இந்தப் பெண் ராத்திரி தூங்குவதில்லை என்று இவனுக்கு எப்படித் தெரியும்?

குழாயைப் பார்த்தாள்.

"முப்பத்து நாலு."

"ஜாஸ்திங்களா?"

"ரொம்ப. இங்கதான் இருக்கணும். பொம்பளைங்க வார்டு. நீங்க கிளம்புங்க."

"அதெப்படிங்க மேடம், நம்ம ஹாஸ்டல் புள்ளை. பொறுப்பு என்னுதுங்களே."

"முதல்ல கையை எடுங்க."

எடுத்தான். சட்டையில் துடைத்துக்கொண்டான். போனான்.

விஜயராணி குழாயைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள். வேகமாகப் போய்க் கதவைச் சாத்தி, உள்தாழ்ப்பாளைப் போட்டாள்.

இறங்கிக்கொண்டிருந்த நீர் அந்தச் சத்தத்துக்கு எகிறியது. முப்பத்து நாலைத் தாண்டியது. குழாயின் வாயையும் தாண்டி, சத்யப்பிரியாவின் கையுறைமேல் வெதுவெதுப்பாக வழிந்தது.

"சிஸ்டர், தாழ்ப்பாளை எடுங்க" என்றாள். "திரை போதும். கதவு திறந்தே இருக்கட்டும்."