மாலைக்குள் இருந்த பொறிவண்டுகள்

சடையப்பனுக்கு மாலை கட்டப் பூ கிடைக்கவில்லையாம். விடிவதற்குள் அவருடைய பங்காளிகள் என் மிளகாய்த் தோட்டத்து வரப்பில் நின்ற செண்டுப்பூவை ஒன்றுவிடாமல் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். பக்கத்துத் தோட்டக்காரர், சாவு வீடு. பூவுக்காகச் சண்டை போட முடியாது. ஆனால் குளிருக்குப் பூவுக்குள் ஒண்டியிருந்த பொறிவண்டுகளும் சேர்ந்து போய்விட்டன. மிளகாய்க் குருத்தெல்லாம் அசுவினிப் பூச்சி அப்பிக் கிடக்கிறது. அதைத் தின்கிற வண்டுகள் வந்து தங்கட்டும் என்றுதான் அந்தச் செடியையே வரப்பில் நட்டேன். வெயில் ஏறினால் எங்காவது பறந்துவிடும். காலித் தீப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். “பூச்சிக்குப் பந்தி போடறியா, தெய்வானை?” என்று தினமும் வரப்பில் நின்று கேலி செய்தவர், கழுத்து நிறைய என் பூவோடு பெஞ்சில் கிடந்தார். மார்பில் வண்டுகள் ஊர்ந்தன. குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் விட்டேன். “பாரு, சண்டைக்காரன் மேல ஒரு பூச்சி உக்கார விடமாட்டேங்கிறா” என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். எட்டாவது வண்டை எடுக்கும்போது அவர் மனைவி ராசாத்தியக்கா அழுகையை நிறுத்திப் பெட்டியைப் பார்த்தாள். புருஷனின் காதோரம் இருந்த ஒன்றை அவளே எடுத்து என் பெட்டிக்குள் போட்டாள். “நாலஞ்சை எங்க பக்கமும் விட்டுட்டுப் போடி” என்று காதோடு சொன்னாள். “இனிமே மருந்தடிக்க ஆளில்ல.” வாசலில் மேளம் நின்றது. “தூக்கலாமா?” என்று கேட்டார்கள். கட்டிய கைகளுக்கு அடியில் இன்னும் ஒன்று சிவப்பாக நகர்ந்தது. வெயில் அவர் பாதம் வரை வந்துவிட்டது. “இருங்க” என்றோம், இருவரும்.