பாய்ப்படகுக்கு ஒரு நற்சான்று

மாத்தளைத் தோட்டமொன்றின் குளக்கரையில் கவிழ்த்திருந்த பழைய பாய்ப்படகைத் தச்சன் சவிரிமுத்து உளியால் தட்டிக்கொண்டே வந்தான். ஓரிடத்தில் சத்தம் பொத்தென்று விழுந்தது.

"உளுத்துப்போச்சா? ஒழுகுமா?" என்று கேட்டார் வாங்க வந்த பக்கத்துத் தோட்டத்துத் துரை.

படகை விற்கிறவர், சவிரிமுத்துவின் துரை, சிரித்தார். "இவன் சொன்னா நம்பலாம். மன்னார்ல படகு கட்டின ஆளு."

"ஒழுகாதுங்க தொரை."

"என் மகளை ஏத்தலாமா?"

சவிரிமுத்து தன் துரையைப் பார்த்தான். வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும். அங்கே நாலு பிள்ளைகள்.

"ஏத்தலாங்க."

வாங்க வந்த துரையின் கையைப் பிடித்து நின்ற சின்ன மகள் கைதட்டினாள்.

உளி பட்டுத் தார் உரிந்த இடத்தில், ஓட்டையை அடைத்திருந்த குங்கிலியப் பிசினின் மேல் ஒரு பெருவிரல் தடம் தெரிந்தது. சவிரிமுத்து அவசரமாகத் தன் பெருவிரலால் அதை மூடினான்.

போன வாரம் தன் துரை சொல்லி அடைத்தபோது அழுத்திய அதே விரல், அச்சாகப் பொருந்தியது.